புதுக் குளியலறையில் தண்ணீர் தேங்கினால்: ஜாயிண்டை அடைப்பதா, தரையை மட்டும் உடைப்பதா, முழுவதும் மாற்றுவதா?

அக்னி நட்சத்திரம் முடிந்த வாரத்தில் வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக் குளியலறை வேலையும் முடிந்தது. 1991-இல் கட்டிய வீடு. மொசைக் தரை, இடுப்பளவு வெள்ளை டைல், உட்கார்ந்து எழ வேண்டிய பழைய கழிப்பறை. மாமியாருக்கு 76 வயது, முழங்கால் மடங்குவதில்லை. அவருக்காகத்தான் எல்லாவற்றையும் உடைத்து, வெஸ்டர்ன் கழிப்பறை வைத்து, 7 அடி உயரத்துக்குச் சுவர் டைல் ஒட்டி, தரையையும் மாற்றினோம். மேஸ்திரி வேலையை ஒப்படைத்த மறுநாள் காலை, மாமியார் குளித்துவிட்டு வந்த பிறகு உள்ளே போய்ப் பார்த்தேன். கதவோரத்தில் ஒரு தாம்பாளம் அளவுக்குத் தண்ணீர் நின்றது. மதியச் சாப்பாடு முடிந்து போய்ப் பார்த்தபோதும் அங்கேயே நின்றது.

ஜூலையில் அடுத்த அடி விழுந்தது. குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்கு ஓதம் ஏறி, பெயின்ட் கொப்புளித்துக்கொண்டது. அதன் பிறகு ஒரு மாதம் முழுக்க விசாரணைதான். டைல்களுக்கு நடுவில் இருக்கும் ஜாயிண்டைச் சுரண்டி எபாக்ஸி என்ற பிசின் கலவையைப் போடுங்கள் என்றார் ஒருவர். டைல் மேலேயே டைல் ஒட்டிவிடலாம் என்றார் இன்னொருவர். தரையை மட்டும் உடைத்தால் போதும் என்றார் ஒரு பிளம்பர். எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதிதாகச் செய்யாவிட்டால் நிம்மதி கிடையாது என்றார் என் நாத்தனார். நான்கையும் கேட்டு, விலை விசாரித்து, ஒன்றைச் செய்து முடித்திருக்கிறோம். இதே குழப்பத்தில் இருக்கும் வீடுகளுக்கு உதவும் என்பதால் ஒப்பிட்டு எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டைல் கோணலாக இருப்பதும், நிறம் ஒத்துப்போகாததும் கண்ணுக்கு உறுத்தல்; ஆறு மாதத்தில் பழகிவிடும். தண்ணீர் எங்கே நிற்கிறது, எங்கே இறங்குகிறது என்பதைப் பார்த்துத்தான் எந்த வழி என்று முடிவு செய்ய வேண்டும். அதற்குச் சில சோதனைகள் இருக்கின்றன. பெரிய கருவி எதுவும் தேவையில்லை.

உடைப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

முதலில் வாட்டம். குளியலறைத் தரைக்கு அடிக்கு அரைக்கால் அங்குலமாவது சரிவு வேண்டும். கால் அங்குலம் வரை கொடுக்கலாம். எங்கள் குளியலறை 7 அடி நீளம், 5 அடி அகலம். கதவு ஒரு முனையில், தண்ணீர் போகும் ஜாலி எதிர் முனையின் மூலையில். அப்படியென்றால் கதவிலிருந்து ஜாலிக்குப் போவதற்குள் தரை குறைந்தது முக்காலே அரைக்கால் அங்குலமாவது இறங்கியிருக்க வேண்டும். கதவோரத் தரையில் நூலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுமுனையை ரசமட்டம் வைத்து நேராக ஜாலி வரை இழுத்துப் பார்த்தோம். அங்கே நூலுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு தீக்குச்சி நுழைகிற இடைவெளிதான் இருந்தது. கதவுக்கு ஓரடி உள்ளே தரை அதைவிடத் தாழ்ந்து குழியாக இருந்தது. இதற்கு மேல் எந்தச் சாட்சியும் தேவையில்லை. நூல் பிடிக்க ஆள் இல்லாவிட்டால் ஒரு வாளித் தண்ணீரைக் கதவோரத்தில் ஊற்றி, இருபது நிமிடம் கழித்துப் பாருங்கள். தரை முழுக்க ஈரம் இருக்கலாம், குற்றமில்லை. குளம் இருக்கக்கூடாது.

இரண்டாவது, ஒலி. ஐந்து ரூபாய் நாணயத்தால் ஒவ்வொரு டைலையும் நான்கு மூலையிலும் நடுவிலும் தட்ட வேண்டும். கலவை நன்றாகப் பிடித்திருந்தால் கல்லைத் தட்டுவது போல் கெட்டியான சத்தம் வரும். அடியில் காலியாக இருந்தால் தேங்காய் மூடியைத் தட்டியது போல் பொத்தென்று கேட்கும். இரவில், தெருவில் வண்டிச் சத்தம் அடங்கிய பிறகு தட்டினேன். வித்தியாசம் தெளிவாகக் கேட்டது. காலியாக ஒலித்த டைலில் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே போனேன். சுவரில் இருந்த சுமார் நூறு டைல்களில் ஒன்பது. தரையில் இருந்த பன்னிரண்டு துண்டுகளில் ஐந்து.

மூன்றாவது, தண்ணீர் கட்டி வைத்துப் பார்ப்பது. ஜாலிக்கு அடியில் பிளாஸ்டிக் உறையும் துணியும் திணித்து அடைத்து, கதவோரம் ஈரக் களிமண்ணால் ஒரு கரை கட்டி, இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தினோம். சுவரில் நீர்மட்டத்துக்குப் பென்சில் கோடு போட்டோம். வேலூர் வெயிலில் ஒரு நாளில் ஆவியாவதும் உண்டு என்பதால், அதே அறையில் ஒரு அகலமான தட்டில் தண்ணீர் வைத்து அதிலும் கோடு போட்டோம். 24 மணி நேரம் கழித்துத் தட்டில் கோட்டுக்கு மிக அருகில் தண்ணீர் இருந்தது. தரையில் ஒரு விரல் தடிமனுக்கு இறங்கியிருந்தது. அந்தத் தண்ணீர் டைலுக்கு அடியில்தான் போயிருக்க வேண்டும். மாடிக் குளியலறையாக இருந்தால் கீழ் அறையின் கூரையிலேயே பதில் தெரிந்துவிடும்.

கடைசியாகக் குழாய். ஓதத்துக்குக் காரணம் டைல்தான் என்று நாமாக முடிவு கட்டிவிடக்கூடாது. நான்கு நாள் அந்தக் குளியலறையைப் பயன்படுத்தாமல் விட்டு, மேல் தொட்டியின் வால்வை மட்டும் திறந்தே வைத்திருங்கள். அப்போதும் சுவர் காயாமல் ஈரம் கூடிக்கொண்டே போனால் சுவருக்குள் புதைத்த குழாயில் கசிவு. அதற்கு டைல்காரர் வேண்டாம், பிளம்பர் வேண்டும். எங்களுக்குச் சுவர் வெளிறத் தொடங்கியது. குழாய் குற்றமற்றது என்று தெரிந்தது.

ஜாயிண்டை மட்டும் புதுப்பிப்பது

செலவு குறைவு, உடைசல் இல்லை, ஒன்றரை நாள் வேலை. எங்களுக்குச் சொன்ன தொகை 5,500 ரூபாய். பழைய சிமென்ட் ஜாயிண்டைச் சுரண்டி எடுத்து, நன்றாகக் காய விட்டு, எபாக்ஸி கிரவுட் நிரப்புவார்கள். எபாக்ஸி தண்ணீரைக் குடிக்காது, கறை பிடிக்காது. நம் ஊர்ப் போர் தண்ணீருக்கு அது உண்மையிலேயே நல்லது. உப்புத் தண்ணீர் காய்ந்து வெள்ளைப் படலம் கட்டுகிறது என்று மாதத்துக்கு ஒருமுறை ஆசிட் ஊற்றித் தேய்க்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. ஆசிட் அந்த உப்போடு சேர்த்து சிமென்ட் ஜாயிண்டையும் அரித்துவிடும். ஆசிட் ஊற்றுவதை எந்த வீட்டுக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆனால் இந்த வழி ஒரே ஒரு நிலைமைக்குத்தான் பொருந்தும்: வாட்டம் சரியாக இருக்க வேண்டும், டைல் கெட்டியாகப் பிடித்திருக்க வேண்டும், ஜாயிண்ட் மட்டும் கெட்டிருக்க வேண்டும். வாட்டம் தப்பான தரையில் எபாக்ஸி போட்டால் கசிவது வேண்டுமானால் குறையும். குளம் அப்படியே நிற்கும். 76 வயதுக்காரர் கால் வைக்கிற இடத்தில் குளம் நிற்பதுதான் எனக்குப் பெரிய கவலை. இன்னொரு தடையும் இருந்தது. எங்கள் தரையில் டைல்களை இடைவெளியே இல்லாமல், பேப்பர் ஜாயிண்ட் என்று சொல்கிறார்களே, அப்படிப் போட்டிருந்தார்கள். 2 மில்லிமீட்டராவது இடைவெளி இருந்தால்தான் எபாக்ஸி உள்ளே இறங்கிப் பிடிக்கும். தலைமுடி அளவு விரிசலில் மேலாகத் தடவினால் சில மாதத்தில் உரிந்து வந்துவிடும்.

டைல் மேல் டைல்

இதைத்தான் அதிகம் பேர் சொன்னார்கள். உடைக்க வேண்டாம், மூன்று நாளில் முடியும், 15,000 ரூபாய். பழைய டைலின் மேல் ஒட்டுவதற்கென்றே தயாரிக்கப்படும் பசை இப்போது கடைகளில் கிடைக்கிறது; முறையாகச் செய்தால் பிடிக்கும். பழைய தரை கெட்டியாக, நல்ல வாட்டத்தோடு இருந்து, டிசைன் மட்டும் பிடிக்கவில்லை என்றால் தாராளமாகச் செய்யலாம்.

மோசமான வேலையின் மேல் இதைச் செய்வதை நான் எதிர்க்கிறேன். அடியில் பன்னிரண்டில் ஐந்து ஆடிக்கொண்டிருக்கும்போது, அதன் மேல் எவ்வளவு நல்ல பசை போட்டாலும் கீழ்த் தட்டு ஆடத்தான் செய்யும். அடியில் இறங்கிய தண்ணீரும் உள்ளேயே அடைபட்டுப் பக்கத்துச் சுவரைத் தேடிப் போகும். டைலும் பசையுமாக ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் தரை உயரும். கதவின் அடியைச் சீவ வேண்டும், வாசற்படிக்கும் தரைக்கும் இருந்த உயர வித்தியாசம் குறைந்து தண்ணீர் படுக்கையறைக்கு வர வழி கிடைக்கும், ஜாலியையும் உயர்த்த வேண்டும். வாட்டத்தைப் பசையிலேயே சரிசெய்து தருகிறேன் என்று ஒருவர் சொன்னார். பசை சில மில்லிமீட்டர் தடிமனுக்கானது. ஒரு அங்குலம் வாட்டத்தை அதில் ஏற்ற முடியாது.

தரையை மட்டும் உடைப்பது

நாங்கள் செய்தது இதுதான். 26,000 ரூபாய், ஏழு நாள். தரை மட்டும் என்று சொன்னாலும் சுவரின் அடி வரிசையையும் சேர்த்து எடுக்க வேண்டும். இதை வலியுறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் செலவு குறைக்க இதைத்தான் முதலில் விட்டுவிடச் சொல்வார்கள். நீர்த்தடுப்புப் பூச்சு தரையோடு நிற்காமல் சுவரில் ஓரடி ஏறினால்தான் தரையும் சுவரும் சேரும் மூலை காக்கப்படும். பெரும்பாலான கசிவு அந்த மூலையில்தான்.

உடைத்த அன்று பார்த்ததை மறக்க முடியாது. முதல் டைலுக்கு அடியில் உளியை நுழைத்து ஒரு தட்டுத்தான் தட்டினார். உடையாமல் முழுசாக எழுந்து கையோடு வந்துவிட்டது. திருப்பிப் பார்த்தால் முதுகில் கம்பெனியின் முத்திரையும் கட்டம் கட்டமான கோடுகளும், பெட்டியிலிருந்து இப்போதுதான் எடுத்தது போலச் சுத்தமாக இருந்தன. நான்கைந்து இடத்தில் மட்டும் கலவை உருண்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. உருண்டைகளுக்கு நடுவில் இருந்த பள்ளத்தில் சோப்பு நாற்றத்தோடு கறுப்பு நீர் தேங்கியிருந்தது.

ஏன் இப்படி ஆனது என்பதைப் புரிந்துகொண்டால்தான் மறுபடி ஏமாறாமல் இருக்கலாம். நாங்கள் தரைக்கு வாங்கியது விட்ரிஃபைட் டைல். அது 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீரை உறிஞ்சாது. பழைய செராமிக் டைல் போல அது சிமென்ட் பாலைக் குடித்துப் பிடித்துக்கொள்ளாது. வெறும் சிமென்ட் பாலை ஊற்றி ஒட்டினால் காய்ந்ததும் கழன்றுகொள்ளும். அதற்கு டைல் பசை வேண்டும், பல்வைத்த கரண்டியால் முதுகு முழுவதும் சீராக இழுத்துப் பூச வேண்டும். கத்திரி வெயிலில் வேலை நடந்தது இன்னொரு காரணம். அந்தச் சூட்டில் பரப்பி வைத்த கலவை சில நிமிடங்களில் மேலே தோல் கட்டிவிடும். அதன் மேல் டைலை வைத்தால் ஒட்டியது போல் இருக்கும், ஒட்டியிருக்காது.

மூன்றாவது காரணத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஜாயிண்ட் குறைவாக இருந்தால் அழுக்குச் சேராது என்று 2 அடிக்கு 2 அடி டைலை நான்தான் தேர்ந்தெடுத்தேன். ஜாலி மூலையில் இருக்கும்போது தரை இரண்டு பக்கமும் சரிய வேண்டும். அவ்வளவு பெரிய டைல் இரண்டு பக்கம் வளையாது. குறுக்கே வெட்டிப் போட வேண்டும், இல்லாவிட்டால் மட்டமாகத்தான் கிடக்கும். மேஸ்திரி வெட்டாமல் மட்டமாகப் போட்டுவிட்டார். இப்போது ஓரடிச் சொரசொரப்பு டைல் போட்டு, 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, எபாக்ஸி நிரப்பியிருக்கிறோம். சிறிய குளியலறைக்கு இதுதான் சரி.

இந்த வழியின் குறை, நிறம் சேராதது. குஜராத்தின் மோர்பியிலிருந்து வரும் டைலில் பெட்டிக்குப் பெட்டி பேட்ச் எண் மாறும். மூன்று மாதம் கழித்து அதே பெயரில் வாங்கினாலும் சாயல் மாறிவிடுகிறது. அடி வரிசைக்கு ஒத்துப்போகிற பழுப்பைத் தேடி அலைவதைவிட, வேண்டுமென்றே அடர்சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை போல வைத்துவிட்டோம். பார்க்க நன்றாகவே இருக்கிறது.

சுவரில் காலியாக ஒலித்த ஒன்பதில், குளிக்கும் இடத்தில் இருந்த மூன்றை மட்டும் கழற்றி மாற்றினோம். மற்ற ஆறும் தண்ணீர் படாத உயரத்தில், ஒரு மூலை மட்டும் காலியாக இருப்பவை. விட்டுவிட்டோம்.

முழுவதும் மாற்றுவது

72,000 ரூபாய், பன்னிரண்டு நாள். நாத்தனார் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை: சுவர் டைல்களிலும் பாதிக்கு மேல் காலியாக ஒலித்தாலோ, சுவரே தூக்குக்குண்டுக்கு நிற்காமல் சாய்ந்திருந்தாலோ, ஓதம் தோள் உயரத்தில் தெரிந்தாலோ வேறு வழி கிடையாது. எங்கள் நிலைமை அதுவல்ல. நன்றாகப் பிடித்திருக்கும் சுவர் டைலை உடைக்கும்போது உள்ளே புதைத்த குழாய்களில் அடி பட்டால், இல்லாத கசிவை நாமே உண்டாக்கியதாகிவிடும். எங்களுக்கு இருப்பது ஒரே குளியலறை. பின்கட்டுக் கழிப்பறைக்கு மூன்று படி இறங்க வேண்டும். ஏழு நாள் மாமியாரைக் கைப்பிடித்து இறக்கி ஏற்றினோம். பன்னிரண்டு நாள் என்பது அவருக்குத் தண்டனையாகியிருக்கும். பணக் கணக்கு போடும்போது இந்தக் கணக்கையும் போடுங்கள்.

அதே மேஸ்திரியா, வேறு ஆளா?

இதில்தான் மனம் அதிகம் அலைந்தது. எங்கள் மேஸ்திரி பல வருடப் பழக்கம். முதலில் சொன்னபோது, "வாட்டம் கொடுத்துத்தான் போட்டிருக்கிறோம் அம்மா, வைப்பரால் தள்ளினால் போய்விடும்" என்றார். நான் சத்தம் போடவில்லை. ஒரு வாளித் தண்ணீரை அவர் கையிலேயே கொடுத்து, "நீங்களே ஊற்றிப் பாருங்கள் மேஸ்திரி" என்றேன். ஊற்றிவிட்டு, குந்தி உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார். தண்ணீர் அவர் காலடிக்கே வந்து நின்றது. "தப்புதான் அம்மா" என்றார்.

கண்ணால் கண்டபின் ஒத்துக்கொள்கிறவரோடு பேசி முடிக்கலாம் என்பது என் அனுபவம். அவருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி 9,000 ரூபாய் இருந்தது. அதை விட்டுக்கொடுத்தார், உடைசலை அள்ளும் வேலையையும் அவர் ஆட்களே செய்தார்கள். ஆனால் டைல் போடுவதை, பசையில் ஒட்டிப் பழகிய வேறு ஒருவரிடம் கொடுத்தோம். அவசரத்தில் செய்த தவறு என்றால் அதே கையிடம் திரும்பக் கொடுக்கலாம். முறை தெரியாமல் செய்தது மறுபடியும் அப்படித்தான் வரும். எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கடைசித் தவணையை, தண்ணீர் கட்டிப் பார்க்கும் வரை கையில் வைத்திருங்கள். அந்த 9,000 ரூபாய் இல்லாமல் இருந்திருந்தால் எங்கள் பேச்சு இவ்வளவு சுலபமாக முடிந்திருக்காது.

ஒத்துக்கொள்ளாதவர்கள் விஷயம் வேறு. எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, பொருளும் கூலியும் சேர்த்து லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்ட ஒப்பந்தக்காரர் கை விரித்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். 1915 என்ற உதவி எண்ணில் முதலில் பேசிப் பார்க்கலாம். அதற்கு ஆதாரம் வேண்டும்: ரசீது, ஒப்பந்தத் தாள், தேதியோடு படங்கள், முடிந்தால் ஒரு பொறியாளரின் அறிக்கை. எல்லாவற்றையும் உடைப்பதற்கு முன்பே சேர்த்துவிட வேண்டும்; உடைத்த பிறகு காட்ட ஒன்றும் இருக்காது. நாமே பொருள் வாங்கிக் கொடுத்து, நாள்கூலிக்கு நம் மேற்பார்வையில் வேலை வாங்கியிருந்தால், தனிப்பட்ட பணி ஒப்பந்தம் என்று அது இந்தச் சட்டத்துக்கு வெளியே போய்விடவும் கூடும். அன்றாடம் உழைத்துச் சாப்பிடும் ஒருவரை அங்கே இழுப்பதில் எனக்கு விருப்பமும் இல்லை.

டைல் கடையில் பணம் திரும்பும் என்று நம்ப வேண்டாம். ஒட்டிய பிறகு புகார் ஏற்பதில்லை என்று பெரும்பாலும் பெட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள். வளைவு, நிற மாற்றம் இருக்கிறதா என்பதை ஒட்டுவதற்கு முன் தரையில் பரப்பிப் பார்த்துவிட வேண்டும்.

புதுத் தரை போட்டு ஐந்து வாரம் ஆகிறது. நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கை போட்டு, காய்ந்த பிறகு டைல் ஒட்டுவதற்கு முன்பே இரண்டு நாள் தண்ணீர் கட்டிப் பார்த்தோம். இந்த முறை தரைத் தண்ணீரும் தட்டுத் தண்ணீரும் ஒரே அளவுக்குத்தான் குறைந்தன. படுக்கையறைச் சுவரில் ஜூலையில் ஓதத்தைச் சுற்றிப் பென்சிலால் ஒரு கோடு போட்டு, அதன் பக்கத்தில் தேதி எழுதி வைத்திருந்தேன். ஈரம் அந்தக் கோட்டிலிருந்து நான்கு விரற்கடை கீழே இறங்கியிருக்கிறது. கொப்புளித்த பெயின்டைச் சுரண்டிவிட்டு, சுவரைத் திறந்தே விட்டிருக்கிறேன். முழுவதும் காய்வதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். தை பிறந்த பிறகுதான் பெயின்ட் அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.